பறவைக் காய்ச்சல்: நாட்டின் ஏற்பாடும் நம் சங்கங்களின் கடமையும்

வெள்ளம் வருமுன் அணைபோட வேண்டும் என்பது நம் நாட்டில் சிறு பிள்ளையும் அறிந்த பழமொழி. வெள்ளம் வரும் வழி கண்ணுக்குத் தெரியும். நோய் வரும் வழியோ தெரிவதில்லை. ஆதலின் நோய்க்கு அணைபோடுவது வெள்ளத்திற்கு அணைபோடுவதினும் கடினமானது. பறவைகளுக்கு வரும் தொத்து நோய்களுள் இன்று உலக நாடுகள் யாவும் கவலையுடன் கவனித்து வருவது பறவைக் காய்ச்சலாகும்.

நெசவும் பயிர்த்தொழிலும் செய்யும் நமக்கு இதனால் ஆவது என்ன என்று அங்கத்தினர் சிலர் வினவக்கூடும். 2019-ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட இருபதாவது கால்நடைக் கணக்கின்படி நம் நாட்டில் இருந்த கோழி, வாத்து முதலியவற்றின் தொகை 85 கோடிக்குச் சற்று மேல். இவற்றுள் 31 கோடிக்கு மேற்பட்டவை பெரும் பண்ணைகளில் வளர்ந்தவை அல்ல. வீட்டுக் கொல்லையில் வளர்ந்தவை. அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 37 பறவைகள் நம்மைப் போன்றாரின் வீட்டைச் சேர்ந்தவை. தறி ஓடாத மாதத்திலும், நெல் விளையாத பருவத்திலும், வீட்டுப் பெண்களின் கையில் சிறுவாட்டுக் காசாக நிற்பது இக்கோழிகள் இட்ட முட்டையே. எனவே இப்பொருள் நமக்குப் புறம்பானதன்று.

நோயின் இயல்பு

இந்நோயை உண்டாக்குவது இன்புளுயன்சா வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ் கிருமி. கோழிகளைக் கூட்டம் கூட்டமாக மாய்க்கும் கொள்ளை நோய் ஒன்று உண்டென்பதை 1878-ஆம் ஆண்டிலேயே இத்தாலி தேசத்தில் பெரொன்சித்தோ என்ற அறிஞர் எழுதிவைத்தார். அது இன்புளுயன்சாக் கிருமியால் வருவதே என்பது 1955-ஆம் ஆண்டில்தான் நிலைநாட்டப்பட்டது. இக்கிருமியில் பல பிரிவுகள் உண்டு. அவற்றுள் எச்5என்1 என்று பெயரிடப்பட்டது மிகக் கொடியது. 1996-ஆம் ஆண்டில் தென்சீனத்தில் வாத்தினத்தைச் சேர்ந்த ஒரு பறவையில் இது கண்டறியப்பட்டது. மறு ஆண்டே ஹாங்காங் நகரில் 18 மனிதர்களைப் பற்றி, அவருள் 6 பேரை மாய்த்தது. அந்நகரத்தார் 10 இலட்சத்துக்கு மேற்பட்ட கோழிகளைச் சில நாட்களில் அழித்து நோயை அப்போதைக்கு நிறுத்தினர்.

நீரில் வாழும் காட்டுப் பறவைகளே இக்கிருமிக்கு இயற்கையான உறைவிடம். வாத்துகள் பல சமயங்களில் நோயின் குறி ஒன்றும் காட்டாமலே கிருமியைச் சுமந்து திரியும். கோழிக்கு வந்தாலோ இரண்டொரு நாளில் கூடு காலியாகும். இறகு சிலிர்த்து ஒடுங்குதல், முட்டை திடீரெனக் குறைதல், தலை வீங்குதல், கொண்டையும் தாடையும் நீலம் பாய்தல், மூக்கிலிருந்து நீர் வடிதல், கழிச்சல் ஆகியவை குறிகள். சில வேளைகளில் இக்குறிகள் எவையும் தோன்றுமுன்னே கோழி செத்து விழுவதும் உண்டு.

கிருமி முக்கியமாக எச்சத்தின் வழியாகப் பரவுகிறது. குளிர்ந்த இடத்தில், அதாவது 4 டிகிரி வெப்பத்தில், எச்சத்தினுள் 35 நாட்கள் வரையிலும், நம் ஊர் வெயிலை ஒத்த 37 டிகிரியில் 6 நாட்கள் வரையிலும் அது உயிரோடிருக்கும். எச்சம் ஒட்டிய செருப்பு, வண்டிச் சக்கரம், முட்டைத் தட்டு, கூடை, சாக்கு ஆகிய எல்லாம் நோயைச் சுமக்கும். சோப்பு, சலவைத் தூள், சுண்ணாம்பு, சூடு ஆகியவற்றுக்கு இக்கிருமி தாங்காது என்பது நமக்கு ஆறுதலான செய்தி.

மனிதருக்கு இந்நோய் எளிதில் வருவதில்லை. வந்தால் எளிதில் விடுவதுமில்லை. 2003-ஆம் ஆண்டு தொடங்கி உலகில் 900-க்கும் மேற்பட்டோர் எச்5என்1 கிருமியால் பற்றப்பட்டனர்; அவருள் ஏறத்தாழப் பாதிப்பேர் இறந்தனர். நம் நாட்டில் 2021 ஜூலையில் அரியானாவைச் சேர்ந்த ஒரு சிறுவனும், 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த ஒரு குழந்தையும் இதற்கு இரையாயினர். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ந்து பரவும் வல்லமையை இக்கிருமி இன்னும் பெறவில்லை. அவ்வல்லமையைப் பெறுமாயின் உலகம் மீண்டும் ஒரு பெருங்கொள்ளை நோயைக் காணும் என்று அறிஞர் அஞ்சுகின்றனர். பறவைகளிடையே நோயை அடக்குவது மனிதரைக் காப்பதும் ஆகும் என்பதற்கு இதுவே காரணம்.

நம் நாடு கண்ட அனுபவம்

இந்தியாவில் இந்நோய் முதன்முதல் உறுதி செய்யப்பட்டது 2006 பிப்ரவரியில், மகாராஷ்டிர மாநிலத்தின் நந்தூர்பார் மாவட்டத்திலுள்ள நவாப்பூரில். அங்கிருந்தவை பெரும்பாலும் முட்டைக்கோழிப் பண்ணைகள். ஓரிடத்தில் நெருங்கியிருந்த பண்ணைகளாதலின் அவற்றை வளைத்து அழிப்பது எளிதாயிற்று. 15 ஆண்டுகள் கழித்து, 2021-ஆம் ஆண்டில், அதே நவாப்பூருக்கு நோய் மீண்டும் வந்தது. ஒரு முறை ஒழித்தோம் என்று ஓய்ந்திருக்க முடியாது என்பதற்கு அவ்வூரே சான்று.

2008 ஜனவரியில் மேற்கு வங்காளத்தில் நேர்ந்தது இதனினும் பெரிது. அங்கே நோய் பிடித்தது பண்ணைகளை அன்று. குடிசைதோறும் இருந்த கொல்லைக் கோழிகளை. அதிகாரிகளின் காதுக்குச் செய்தி எட்டுமுன் நோய் ஊர் ஊராகப் பரவிவிட்டது. வீட்டார் பலர் கோழிகளை ஒப்படைக்க மனமின்றி ஒளித்தனர். சிலர் அவசரமாகச் சந்தையில் விற்றனர். முடிவில் 40 இலட்சத்துக்கு மேற்பட்ட பறவைகளை அழிக்க நேர்ந்தது.

2014 நவம்பரில் கேரளத்தின் குட்டநாட்டு வாத்துகளை நோய் தாக்கியது. அதன் பின்னர் அப்பகுதி பலமுறை துன்புற்றுள்ளது. 2021 ஜனவரியில் இமாசலப் பிரதேசத்தின் பாங் அணை நீர்த்தேக்கத்தில் குளிர்காலம் கழிக்க வந்திருந்த ஆயிரக்கணக்கான காட்டுப் பறவைகள் மடிந்தன. அவற்றுள் மிகப் பல வரித்தலை வாத்துகள். 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கோதாவரி மாவட்டங்களில் பண்ணைக் கோழிகள் பேரளவில் அழிக்கப்பட்டன.

அரசாங்கத்தின் ஏற்பாடு

நவாப்பூரில் நோய் தோன்றுமுன்னரே, 2005-ஆம் ஆண்டில், மத்திய அரசாங்கம் ஒரு செயல்திட்டம் வகுத்திருந்தது. அனுபவத்தைக் கொண்டு அதனைப் பலமுறை திருத்தி, 2021-ஆம் ஆண்டில் புதிய பதிப்பை வெளியிட்டது. அத்திட்டம் நடைபெறும் முறையை அங்கத்தினர் அறிந்திருத்தல் நலம்.

கோழிகள் வழக்கத்துக்கு மாறாகச் சாகின்றன என்ற செய்தி கால்நடை மருத்துவருக்கு எட்டியதும் அவர் மாதிரிகளை எடுத்து அனுப்புகிறார். தென்னாட்டுக்கென வட்டாரச் சோதனைச்சாலை பெங்களூரில் உள்ளது. ஐயத்தை முடிவாகத் தீர்ப்பது போபால் நகரிலுள்ள தேசிய உயர்பாதுகாப்பு விலங்குநோய் ஆராய்ச்சி நிலையம். பறவைக் காய்ச்சலுக்கு உலக விலங்கு நல அமைப்பு ஒப்புக்கொண்ட ஆதாரச் சோதனைச்சாலைகளுள் இது ஒன்று. அங்கே நோய் உறுதியானதும் மாநில அரசாங்கம் அறிவிக்கை வெளியிடுகிறது. நோய் கண்ட இடத்தை மையமாகக் கொண்டு ஒரு கிலோமீட்டர் சுற்றளவு நோய் வட்டமாகவும், அதற்கப்பால் 10 கிலோமீட்டர் வரை கண்காணிப்பு வட்டமாகவும் குறிக்கப்படும். நோய் வட்டத்தில் உள்ள வளர்ப்புப் பறவைகள் அனைத்தும், நலமாயிருப்பவை உட்பட, கொல்லப்பட்டுக் குழியில் சுண்ணாம்புடன் புதைக்கப்படும். முட்டையும் தீவனமும் அழிக்கப்படும். இவ்வேலை செய்வோர் பாதுகாப்பு உடை அணிவர். வைரசுக்கு எதிரான மருந்தும் அவர்களுக்கு அளிக்கப்படும். பின்னர் இடம் தூய்மை செய்யப்பட்டுச் சான்று வழங்கப்படும். அதன் பிறகும் கண்காணிப்பு தொடரும்.

நலமான கோழியை ஏன் கொல்ல வேண்டும், ஊசி போட்டுக் காத்தால் என்ன என்று கேட்பது இயல்பு. சில நாடுகள் ஊசி போடுகின்றன. 2021-ஆம் ஆண்டுச் செயல்திட்டம் அம்முறையை ஏற்கவில்லை. ஊசி போட்ட கோழி நோய்க்குறி காட்டாமலே கிருமியைப் பரப்பக்கூடும். அதனால் நோய் ஒழிந்ததா, ஒளிந்ததா என்று அறிவது கடினமாகும். விரைந்து கண்டுபிடித்து அவ்விடத்திலேயே அழிப்பது என்ற கொள்கையையே அத்திட்டம் மேற்கொண்டது.

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 2009-ஆம் ஆண்டு விலங்குகளின் தொத்துநோய்த் தடுப்புச் சட்டம், தம் பறவைக்கோ கால்நடைக்கோ நோய் இருப்பதாக ஐயுறுவோர் கிராம அதிகாரியிடமோ பஞ்சாயத்திடமோ தெரிவிக்க வேண்டுமென்று விதிக்கிறது. நோயால் செத்ததை ஆற்றிலோ ஏரியிலோ வாய்க்காலிலோ எறிவது அச்சட்டப்படி குற்றமாகும். 2024 ஆகஸ்டில் இராசஸ்தானத்தின் அஜ்மீரில், விலங்கிலிருந்து மனிதருக்கு நோய் பரவினால் என் செய்வது என்பதை மருத்துவரும் கால்நடை மருத்துவரும் ஒருங்கே நடத்திப் பார்த்த ஒத்திகையும் நடைபெற்றது. ஏட்டில் இருந்த திட்டம் களத்திலும் பழகப்படுவது நல்ல அறிகுறியே.

புதுச்சேரியின் தனி நிலை

நம் பிரதேசத்துக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த நான்கு பகுதிகள் ஒரே ஆட்சியாகச் சேர்ந்தவையாதலின் நம் நிலம் ஓரிடத்தில் இல்லை. மாஹே கேரளத்தின் நடுவே உள்ளது. ஏனாம் கோதாவரிக் கரையில் உள்ளது. நாட்டில் அண்மையில் நோய் கண்ட இடங்களுள் இவ்விரு மாநிலங்களும் அடங்கும் என்பதை மேலே கண்டோம். 2020 மார்ச்சில் மாஹேக்கு அண்டையிலுள்ள கோழிக்கோடு மாவட்டத்திலும் நோய் தோன்றியது. ஆகவே அது அயலார் துன்பம் என்று நாம் ஒதுங்கியிருக்க இயலாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 314 சதுர கிலோமீட்டர். புதுச்சேரிப் பகுதி முழுவதன் பரப்போ 293 சதுர கிலோமீட்டர்தான். அதுவும் விழுப்புரம், கடலூர் மாவட்டங்களின் ஊர்களுக்கிடையே துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. வில்லியனூரில் நோய் கண்டாலும் பாகூரில் கண்டாலும் கண்காணிப்பு வட்டம் தமிழ்நாட்டு எல்லைக்குள் சென்றே தீரும். அங்கே கண்டாலும் அப்படியே. ஆதலின் நம் கொம்யூன் பஞ்சாயத்துகளும் அண்டை மாவட்டத்துப் பஞ்சாயத்துகளும் இப்பொருளில் ஒரே ஊரார்போல் நடந்துகொள்ள வேண்டியவர்களாகின்றனர்.

ஊசுட்டேரியும் இருபுறத்தாருக்கும் பொதுவானது. 2008-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட அவ்வேரிக்குக் குளிர்காலத்தில் தொலைதேசப் பறவைகள் வருகின்றன. அவை நமக்குப் பெருமை. அவற்றை விரட்டுவதோ துன்புறுத்துவதோ தகாது. ஏரி நீரில் வீட்டு வாத்துகளையும் கோழிகளையும் மேய விடாதிருத்தலே செய்யத்தக்கது. அறுவடை முடிந்த வயல்களில் ஊர் ஊராக ஓட்டிச் செல்லப்படும் வாத்து மந்தைகளைப் பற்றியும் இவ்வாறே கவனம் வேண்டும்.

நம்மிடம் உள்ள வசதிகளும் குறைந்தவையல்ல. குரும்பாபேட்டில் இராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையமும், கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனையும் உள்ளன. கால்நடை மருத்துவரும் மனித மருத்துவரும் ஒரே நகரில் சில மைல் தொலைவில் அமைந்திருப்பது எல்லா ஊர்களுக்கும் வாய்க்கும் பேறன்று.

வலுவற்ற கண்ணி எது?

போபாலில் சோதனைச்சாலை இருக்கிறது, திட்டம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. எனினும் இச்சங்கிலியின் முதற்கண்ணி கொல்லைப்புறத்தில் உள்ளது. நோய் தோன்றிய முதல் இரண்டு நாட்களில் அவ்வீட்டார் என் செய்கிறார்கள் என்பதைப் பொறுத்தே மற்றவை அனைத்தும் அமையும். மேற்கு வங்காளத்தில் அறுந்தது இக்கண்ணியே.

வீட்டார் மறைப்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை ஏளனம் செய்வதால் பயனில்லை. கோழி போய்விடுமே என்ற கவலை ஒன்று. அண்டை வீட்டாரின் கோழிகளும் நம்மால் போயின என்ற பழிச்சொல் மற்றொன்று. கிராம தெய்வத்துக்கு நேர்ந்துவிட்ட சேவலை எவ்வாறு ஒப்படைப்பது என்ற தயக்கமும் உண்டு. வெயிற்காலத்தில் வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல்தானே என்ற அலட்சியம் இவை எல்லாவற்றினும் பெரிது. இராணிக்கெட் எனப்படும் அந்நோயும் கோழிகளைக் கூட்டமாகவே கொல்லும். குறிகளைக் கொண்டு இவ்விரண்டையும் பிரித்தறிதல் மருத்துவருக்கும் அரிது; சோதனைச்சாலையே சொல்ல வேண்டும். வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி உண்டு. தவறாமல் அவ்வூசி போடப்பட்ட கோழிகள் கூட்டமாகச் செத்தால் ஐயம் உடனே எழும். ஊசி போடாத ஊரில் எல்லாச் சாவும் ஒன்றுபோலவே தோன்றும். அவ்வூசியைப் போட்டுவைப்பது பறவைக் காய்ச்சலைக் கண்டுபிடிக்கவும் துணையாகும்.

இழப்பீட்டுக் கணக்கையும் அங்கத்தினர் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். மத்திய அரசாங்கத்தின் நியதிப்படி இழப்பீடு, அதிகாரிகளால் கொன்றழிக்கப்படும் பறவைகளுக்கும் அழிக்கப்படும் முட்டைக்கும் தீவனத்துக்கும் உரியது. மத்திய அரசும் மாநில அரசும் அதனைப் பாதிக்குப் பாதி ஏற்கின்றன. 2021 ஜனவரியில் கேரள அரசாங்கம் இரண்டு மாதத்துக்கு மேற்பட்ட பறவைக்கு 200 ரூபாயும், குறைந்ததற்கு 100 ரூபாயும், முட்டைக்கு 5 ரூபாயும் அறிவித்தது. ஒருவரிடம் 30 கோழிகள் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மூன்று செத்தவுடன் அவர் தெரிவித்தால் 27-க்கு இழப்பீடு கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஒரு வாரம் மறைத்தால் உயிரோடு எஞ்சுபவை மூன்றோ நான்கோதான். செத்தவற்றுக்கு அந்நியதியில் இடமில்லை. மறைப்பவர் ஊருக்கு இழைக்கும் தீங்கு ஒருபுறமிருக்க, தமக்கே நட்டம் தேடிக்கொள்கிறார் என்பது இதனால் விளங்கும். தொகை சந்தை விலைக்குக் குறைந்ததாயிருக்கலாம், காலதாமதமும் நேரலாம். ஆயினும் ஒன்றுமின்மையினும் அது மேலானது.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, பறவைப் பதிவேடு. கோழி வளர்ப்புக்குக் கடன் கொடுத்த சங்கங்களில் கடன் தொகை ஒழுங்காக எழுதப்பட்டிருப்பதைக் காண்கிறோம். கோழிகளின் தொகை எழுதப்பட்டிருப்பதில்லை. அங்கத்தினர் வீடுகளில் உள்ள கோழி, வாத்து, வான்கோழிகளின் எண்ணிக்கையை மூன்று மாதத்துக்கொரு முறை பதிந்துவைத்தால், இழப்பீடு கோரும் நாளில் அது துணைச் சான்றாக நிற்கும். சங்கத்தின் ஒரு நோட்டுப் புத்தகமும் எழுத்தரின் ஒரு நாள் வேலையுமே இதற்காகும் செலவு.

இரண்டாவது, தகவல் தரும் ஏற்பாடு. அண்மையிலுள்ள கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண்ணைச் சங்கக் கட்டிடத்திலும் நூல் வழங்கும் இடத்திலும் உர விற்பனை நிலையத்திலும் எழுதி ஒட்ட வேண்டும். ஒரே வீட்டில் இரண்டொரு நாளில் பல கோழிகள் செத்தாலும், காகமோ கொக்கோ கூட்டமாகச் செத்துக் கிடந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்பதை மகாசபையில் சொல்லிவைக்க வேண்டும். தெரிவித்தவர் பெயரால் ஊரில் பழி எழாதவாறு, சங்கச் செயலரே தகவல் அனுப்புவது நன்று.

மூன்றாவது, கோழி எரு. நம் பயிர்த்தொழிலாளர் பண்ணைகளிலிருந்து கோழி எருவை வண்டி வண்டியாக வாங்கி வயலில் இடுகின்றனர். நோய்க்காலத்தில் இதுவே கிருமியை ஊர் விட்டு ஊர் கொண்டுசெல்லும் வாகனமாகிவிடும். எருவைக் குவித்து மூடி, நன்கு சூடேறி மக்கிய பின்னரே இடுதல் வேண்டும். பச்சை எருவைத் திறந்த வண்டியில் கொணர்தல் ஆகாது. பண்ணைக்குச் சென்று திரும்பிய சாக்குகளை வெயிலில் உலர்த்திய பின்னரே வீட்டுக்குள் எடுக்க வேண்டும்.

நான்காவது, வீட்டு ஒழுங்கு. தறிக்குழியின் அருகிலும் படுக்குமிடத்திலும் கோழிகளை அடைத்தல் கூடாது. தனிக் கூடு வேண்டும். சந்தையில் வாங்கிய கோழியைச் சில நாள் தனியே வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். செத்த கோழியை வெறுங்கையால் எடுக்கலாகாது, சமைக்கலாகாது, நாய்க்கு எறியலாகாது. குழந்தைகளை அப்பக்கம் விடலாகாது. கோழிகளோடு பழகியவருக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்குள் காய்ச்சலும் இருமலும் கண்டால், மருத்துவரிடம் சென்று கோழிகள் செத்த செய்தியையும் மறவாமல் கூற வேண்டும். அச்செய்தி இல்லையேல் மருத்துவர் வேறு நோய் என்று கருத நேரும்.

ஐந்தாவது, கடன் தவணை. நோய் வட்டத்தில் பறவைகளை இழந்த அங்கத்தினரின் தவணையை ஒத்திவைப்பது பற்றி நிர்வாகக் குழு முன்கூட்டியே ஆலோசித்து, மத்திய வங்கியுடனும் இலாகாவுடனும் எழுத்து மூலம் தொடர்புகொண்டிருத்தல் நலம். கூடு காலியான மறுநாள் தவணை நோட்டீசு வருமென்று அஞ்சுபவர் உண்மையை மறைக்கவே முற்படுவார். அவ்வச்சத்தை நீக்கினால் அவர் வாய் திறப்பார்.

வீண் அச்சம் வேண்டா

நோய்ச் செய்தி பரவியதும் கோழிக்கறியையும் முட்டையையும் யாவரும் ஒதுக்கிவிடுவது வழக்கமாகிவிட்டது. 2006-லும் 2021-லும் நோய் காணாத நாமக்கல்லிலும் முட்டை விலை வீழ்ந்தது. 70 டிகிரி வெப்பத்தில் உள்வரை வெந்த உணவில் இக்கிருமி பிழைத்திராது. நம் வீடுகளில் குழம்பு கொதிக்கும் சூடு அதனினும் மிகுதி. பச்சை முட்டையையும் அரைவேக்காட்டையும் நோய்க்காலத்தில் தவிர்த்தால் போதும். கறியை அரிந்த கையையும் கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவுதல் எப்போதுமே நல்ல பழக்கம். பொய்ச் செய்தியைப் பரப்புவது, நோயில்லாத ஊர்க் குடியானவரையும் நோய் தாக்கியவரைப்போல் நட்டப்படுத்துவதாகும்.

கூட்டுறவின் பொருள் இன்பத்தைப் பகிர்வது மட்டுமன்று. நட்டத்தைப் பகிர்வதும் ஆகும். ஒரு கிலோமீட்டர் வட்டத்தில் வாழும் அனைவரும் ஒருவர் வீட்டுக் கோழிக்காகத் தம் கோழிகளை இழக்க வேண்டியிருக்கும் இந்நோயில், தனித்தனியே பிழைக்க வழியில்லை. குளிர்காலப் பறவைகள் வரத் தொடங்குமுன், அடுத்த மகாசபையின் நிகழ்ச்சி நிரலில் பறவைப் பதிவேட்டை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு நம் சங்க நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.